கொஞ்சம்

உசிலம்பட்டி சந்தைக்குப் பக்கத்தில்
தராசுக் கடைக்காரர் கேட்டார்:
"என்ன நிறுக்கப் போறீங்க, சிஸ்டர்?"
தக்காளி என்றேன்.
ஐந்து கிலோ தாங்கும், ஒரு கிராமுக்கும் வாய் திறக்கும்,
பேட்டரி தனி.
எழுநூற்று ஐம்பது ரூபாய்.
ரசீதில் என் பெயரையே எழுதச் சொன்னேன்.

அதற்கு நாலு மாதம் முன்பு
பாண்டீஸ்வரி.
இரண்டாவது பிரசவம், இரண்டாவது சிசேரியன்.
பையன் மூன்று கிலோ நூறு.
அவனை நிறுத்தோம்.
அவன் அழுத நேரத்தை நிமிடத்தோடு எழுதினோம்.
அவளிடமிருந்து போனதை மட்டும்
கண்ணால் பார்த்தோம்.

பதிவேட்டில் ரத்தப்போக்கு என்ற கட்டத்தில்
என் கையெழுத்தில் ஒரு சொல்: கொஞ்சம்.

சாம்பாருக்கு உப்புக் கேட்கிற சொல்.
பஸ்ஸில் பக்கத்து ஆளைத் தள்ளி உட்காரச் சொல்கிற சொல்.
ஓர் எழுத்தை மாற்றினால்
பிள்ளையைக் கொஞ்சவும் ஆகும்.

பச்சைத் துணி சிவப்பைக் காட்டுவதில்லை.
ஈரமாகிக் கறுக்கும், அவ்வளவுதான்.
மேசைக்கு அடியில் சொட்டியதை
அங்குத்தாய் ஒரே இழுப்பில் துடைத்து
வாளியில் பிழிந்து ஊற்றிவிட்டாள்.
தரை பளிச்சென்று இருக்கவேண்டும் என்று
அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்.

நாலரைக்கு
"தாகமா இருக்கு, சிஸ்டர்" என்றாள்.
ஆபரேஷன் முடிந்த எல்லாரும் சொல்வதுதான்.
பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.
ஐந்துக்குக் குளிருது என்றாள்.
சித்திரை மாதம். உசிலம்பட்டி.
குளிருது.

ஆம்புலன்ஸ் செக்கானூரணி தாண்டும்போது
அவள் கை என் கைக்குள் இருந்தது.
நாகமலை தெரிந்தபோதும்
கை இருந்தது.

விசாரணைக் கூட்டத்தில் கேட்டார்கள்:
எவ்வளவு போனது?
பதிவேட்டைத் திருப்பி வைத்தேன்.
யாரும் கோபப்படவில்லை.
மின்விசிறி சுற்றியது.
ஒருவேளை அவரவர் ஊர்ப் பதிவேட்டிலும்
அதே சொல்தான் இருந்திருக்கும்.

காய்ந்த துணி ஒன்று இருபத்தைந்து கிராம்.
நனைந்ததை நிறு,
காய்ந்ததைக் கழி,
மிச்சம் அவள்.

டாக்டர் வெற்றிச்செல்வன் முதல் வாரம் சிரித்தார்:
"தியேட்டருக்குள்ள கடை போட்டுட்டீங்களா?"
இரண்டாம் வாரமும் சிரித்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம்
எழுமலையிலிருந்து தவச்செல்வி.
குழந்தை வெளியே வந்து கத்திவிட்டது.
தையல் தொடங்கியாயிற்று.
நான் துணிகளைப் பார்த்தேன்.
பழகிய சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"சிஸ்டர், தொள்ளாயிரத்து நாப்பது!"

அங்குத்தாய்.
ஒன்றாம் வகுப்போடு நின்றவள்.
வாளியை இடுப்போடு அணைத்து நிற்கிறாள்,
கேட்டால்கூடக் கொடுக்கமாட்டாள் போல.

டாக்டரின் கை நின்றது.
இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.
கருப்பை இறுகவில்லை,
ஊறப்போட்ட துணிபோலக் கிடந்தது.
அதன்பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை.
மருந்து ஏறியது.
ரத்தம் இரண்டு பை, அவள் குளிருது என்று சொல்வதற்கு முன்பே
படியேறி வந்தது.

நாலரைக்கு அவளும் தாகம் என்றாள்.
நாடியைப் பிடித்தேன், போர்வையைத் தூக்கிப் பார்த்தேன்,
வயிற்றை அழுத்திப் பார்த்தேன்,
பிறகுதான் பஞ்சு.
ஐந்தரைக்கு
ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டு வந்த புருஷனை
அவள் வைத வசவு
வெளி வராந்தா வரைக்கும் கேட்டது.
அன்று அதைவிட நல்ல சத்தம் வேறொன்றை
நான் கேட்கவில்லை.

அந்தக் கட்டத்தில் இப்போது எண் எழுதுகிறோம்.
தவச்செல்வியின் எண்ணைப் பார்த்து
எந்தக் கூட்டமும் கூடவில்லை.

பாண்டீஸ்வரியின் பையன் தடுப்பூசிக்கு வருகிறான்.
ஆறு கிலோ எண்ணூறு.
சித்தி தூக்கி வருகிறாள், அத்தை தூக்கி வருகிறாள்,
கொஞ்ச ஆளுக்குக் குறைவில்லை.
அவன் வரும் நாளில்
பழைய பதிவேடு இருக்கும் அலமாரிக்கு
முதுகைக் காட்டி நின்றுகொள்கிறேன்.

தையல் பிரிக்கும் நாளில் தவச்செல்வி
மேசைமேல் இருந்த தராசைப் பார்த்தாள்.
"இதுலயா எம்புள்ளைய நிறுத்தீங்க?"
இல்லை என்றேன்.
"பெறகு எதை?"

தக்காளி என்றேன்.
வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
"சிரிக்க வைக்காதீங்க சிஸ்டர்,
இழுக்குது" என்றாள்.